பல சொத்து

அக்கா, நேற்று போனில் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். சளி என்றேன். சளியெல்லாம் இல்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்கு முன்னால் நீ தனியாக ஒரு தடவை படித்துவிடு. எதை விழுங்கிவிட்டு வாசிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. நான் இங்கே பல் டாக்டராக இருக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பல் விளக்கவும் கை கழுவவும் சொல்லிக்கொடுக்கிற உதவியாள். என் பையில் ஸ்டெதஸ்கோப் கிடையாது. தர்பூசணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாய் இருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி முழங்கை நீளத்தில் ஒரு பிரஷ், இரண்டு நிமிடத்துக்கு மணல் கொட்டுகிற ஒரு கண்ணாடிக் குடுவை, காகித டம்ளர்கள், சின்னச் சின்னக் கண்ணாடிகள். பஸ்ஸில் அந்த வாயை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது எதிர் சீட்டில் இருப்பவர்கள் என்னைப் பார்க்காமல் அதையே பார்ப்பார்கள்.

இது நடந்த பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஐந்து பேர். அதில் ஒருத்தியை அவள் அம்மா சிட்டு என்று கூப்பிடுவார். ஏழு வயது. இந்த ஊர் மொழியும் தமிழும் அவள் வாயில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஓடும். எனக்கு முதல் நாளே 'பல்லக்கா' என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிரஷை எப்படிப் பிடிப்பது, வட்டம் வட்டமாக எப்படித் தேய்ப்பது என்று காட்டிவிட்டு, நுரையைத் துப்ப வேண்டும், ஆனால் உடனே தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கக் கூடாது என்று சொன்னேன். பேஸ்ட் கொஞ்சம் பல்லிலேயே தங்கினால்தான் நல்லது. சிட்டு தமிழில் குறுக்கே வந்தாள்.

"பல்லக்கா, எங்கம்மா நாலு தடவை கொப்பளிப்பாங்க. கடைசித் தடவை அண்ணாந்து பாட்டு மாதிரி ஒரு சத்தம் போடுவாங்க."

"இனிமே நீ உங்கம்மாவுக்குச் சொல்லிக்கொடு."

"நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க. நீங்க எழுதிக் கொடுங்க. எழுதியிருந்தா எங்கம்மா ஒரு எழுத்து விடாமப் படிப்பாங்க."

அக்கா, இது அவள் வாயாலேயே சொன்னது. நான் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வேலை சிவப்பு மாத்திரை. அதை மென்று துப்பினால், பல்லில் அழுக்கு ஒட்டியிருக்கிற இடம் மட்டும் சிவப்பாக நிற்கும். பிள்ளைகள் தங்கள் தங்கள் கண்ணாடியில் பார்த்து, சிவப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். என்னோடு வரும் நர்ஸ் முதல் வாரமே சொல்லியிருந்தார், ஒரு பிள்ளையின் வாயை இன்னொரு பிள்ளை பார்க்கும்படி விடாதே என்று. அன்று வகுப்பு கொஞ்சம் தூங்கி வழிந்தது. கலகலப்பாக்குகிறேன் பேர்வழி என்று நான், "யாருக்கு ரொம்பச் சிவப்பு? எல்லாரும் ஈ காட்டுங்க!" என்று கத்திவிட்டேன். சிட்டுவின் வாய்தான் ரொம்பச் சிவப்பு. இடது பக்கக் கீழ்க் கடைவாயில் ஒரு கறுப்புக் குழியும் இருந்தது. பக்கத்து நாற்காலிப் பிள்ளை "தக்காளி" என்றது. பத்து நொடியில் வகுப்பே தக்காளி என்றது. சிட்டு வாயை மூடியவள், பிறகு அன்று முழுக்கத் திறக்கவில்லை. நர்ஸ் தனியாக அழைத்துப் பார்க்க வேண்டும் என்றபோது கூட விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தாள்.

"ஆழமாப் போயிருக்கு. பால் பல்தான், ஆனா எடுத்தாகணும்" என்று நர்ஸ் சொன்னார். "பெற்றோர் சம்மதம் வாங்கு."

தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேருக்குமே சொத்தைப் பல் இருந்தது. சம்மதப் படிவம் இந்த ஊர் மொழியில் அச்சடித்தது. அதோடு தமிழில் நாலு வரி சேர்த்து இணைப்பது என் பொறுப்பு. நேர்காணலில் மார் தட்டிக்கொண்டு வாங்கின பொறுப்பு. தமிழ்தானே, நம் வாயில் இருப்பதுதானே என்று, உனக்கு அனுப்புகிற மாதிரியே பஸ்ஸுக்கு நின்றுகொண்டு போனில் பேசினேன், அது எழுதிக்கொண்டது. பள்ளி அலுவலகத்தில் ஐந்து பிரதி எடுத்தேன். படிவத்தோடு பின் அடித்தேன். பிள்ளைகளின் பைகளில் வைத்தேன். எங்கேயும் நின்று ஒரு தடவை படிக்கவில்லை.

புதன், வியாழன், வெள்ளி, சிட்டு வரவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் சிட்டுவின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவர். வேலைக்குப் போகிற சீருடையிலேயே வந்திருந்தார். சிட்டு அவர் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இவங்க பொண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுக்கணும்னு சொல்றாங்க. பேப்பர் பேப்பர்னு எதையோ சொல்றாங்க, எனக்குப் புரியல. பொண்ணும் வாயைத் திறக்க மாட்டேங்கறா. என்னன்னு கேளு" என்றார் தலைமை ஆசிரியை.

நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அந்த அம்மாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. இந்தக் காகிதத்தை எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து என் நாலு வரியை எடுத்து நீட்டினார். "ஊர்ல எங்கம்மா இவ பேருக்கு ஒரு துண்டு நிலம் எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. என் கொழுந்தனுக்கு அது மேல ரொம்ப நாளாக் கண்ணு. அவன் இங்க யாரையாவது புடிச்சு வேலை பாக்கறானா? பள்ளிக்கூடத்துக்கு எப்படிங்க இது தெரியும்?"

படித்தேன். முதல் முறையாகப் படித்தேன்.

'வணக்கம். உங்கள் பிள்ளைக்குப் பல சொத்து இருக்கிறது. அந்தச் சொத்தை எடுக்க வேண்டும். சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையிடமே கொடுத்து அனுப்பவும். தாமதித்தால் பிரச்சினை பெரிதாகும்.'

நான் சொன்னது பல் சொத்தை. பல்லுக்கு மேல் ஒரு புள்ளி விழாமல் பல ஆகிவிட்டது. சொத்தை சொத்தாகிவிட்டது. அடுத்த வரியில் போன் ஒரு தப்பும் செய்யவில்லை, நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறது. முதல் வரி கெட்டதால் அந்த வரிக்கும் அர்த்தம் மாறிவிட்டது. கடைசி வரியைப் பார், மிரட்டல் கடிதம் மாதிரியே இருக்கிறது. காது மடல் வரைக்கும் எனக்குச் சூடு ஏறியது.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் பதினோரு நாள். வேலை நிரந்தரமானால்தான் விசா நீளும். அது என் தலைக்குள் ஓடியது என்று சொன்னால் நான் யோசித்துச் செய்தது மாதிரி ஆகிவிடும். யோசிக்கவில்லை அக்கா. வாய் தானாக வழுக்கிக்கொண்டு போனது. இந்த ஊர் மொழியில் சொன்னேன், "பல்லைப் பத்தித்தான் எழுதியிருக்கு. இவங்களுக்குச் சரியாப் படிக்கத் தெரியாது போல. தப்பாப் புரிஞ்சுகிட்டாங்க."

தலைமை ஆசிரியையின் முகம் இளகியது. நல்ல மனுஷி. ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, அதில் பெரிதாக ஒரு பல் வரைந்தார். அதற்குக் கண்ணும் சிரிப்பும் வைத்தார். பக்கத்தில் அழுகிற பல் ஒன்று. அதைச் சிட்டுவின் அம்மா பக்கம் திருப்பி வைத்து, காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னார். அந்த அம்மா பல்லைப் பார்த்தார், தலைமை ஆசிரியையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கு எனக்குப் படம் வரைஞ்சு காட்டறாங்க?"

சிட்டு சொன்னாள். கன்னத்தைத் தோளிலிருந்து எடுக்காமலே, யாரையும் குற்றம் சொல்லாமல், கேட்டதை அப்படியே எடுத்துச் சொன்னாள். "அம்மா, உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு பல்லக்கா டீச்சர்கிட்ட சொன்னாங்க."

தலைமை ஆசிரியைக்கு என்ன நடந்தது என்று தெரியாது, அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

"பதினாலு வருஷம் பத்திரம் எழுதற ஆபீஸ்ல டைப் அடிச்சவ நான்" என்றார். குரல் உயரவில்லை. "ஒரு புள்ளி விட்டுப்போனா முழுப் பத்திரத்தையும் திரும்ப அடிக்கணும். அப்படித் திட்டு வாங்கி வாங்கிப் படிச்ச கண்ணு இது. 'பல சொத்து இருக்கிறது.' நீங்க படிங்க. வேற ஏதாவது எழுதியிருக்கா? இருந்தாக் காட்டுங்க."

"இல்லைங்க."

"எழுதினது யாரு?"

"நான்தாங்க."

அவர் உறைக்குள் காகிதத்தை வைத்து, பையை மாட்டி, சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் சிட்டு தலையை நிமிர்த்தினாள். அவள் இடது கன்னம் வலது கன்னத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. தோல் பளபளவென்று இறுகியிருந்தது.

நடைபாதையில் ஓடிப் பிடித்தேன். பிள்ளைகள் கை கழுவுவதற்காக முழங்கால் உயரத்தில் தொட்டிகள் இருக்கிற இடம். அதன் மேல் நானே ஒட்டின படம், சோப்புக் குமிழிகளோடு சிரிக்கிற இரண்டு கைகள்.

"அக்கா, ஒரு நிமிஷம். என்னை மன்னிச்சிடுங்க. போன்ல பேசி எழுதினேன், படிச்சுப் பாக்கல. பல் சொத்தைன்னு சொன்னேன், அது பல சொத்துன்னு போட்டுடுச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா பாப்பா கன்னம் வீங்கியிருக்கு. சீழ் பிடிச்சிருக்கும். காய்ச்சல் இருக்கா?"

"நேத்துல இருந்து அனல். பனிக்காத்துன்னு நெனச்சேன்." கையைச் சிட்டுவின் நெற்றியில் வைத்தார். "பல்லுல ஓட்டைன்னு நீ ஏண்டி சொல்லல?"

சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தக்காளின்னு சொல்வாங்க."

அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

"இன்னைக்கே காட்டணும்க்கா. தள்ளிப் போடக் கூடாது. கையெழுத்துப் போட்டீங்கன்னா நர்ஸுக்குச் சொல்லி மதியமே கிளினிக்ல..."

"நீங்க சொல்றதுல எதை நம்பறது, எதைத் தள்ளறதுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றார். "சொத்துன்னு எழுதுவீங்க. பல்லுன்னு சொல்வீங்க. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. நான் எந்தத் தைரியத்துல என் பிள்ளை வாயைத் திறந்து காட்டறது?"

"தப்புதாங்க. எத்தனை தடவை வேணாலும் மன்னிப்புக் கேக்கறேன்."

"இங்க நின்னு தமிழ்ல கேட்டா அந்த டீச்சரம்மாவுக்கு எப்படிப் புரியும்? எந்த பாஷையில என்னைப் படிக்கத் தெரியாதவன்னு சொன்னீங்களோ, அந்த பாஷையில சொல்லுங்க. என் பிள்ளை எதிர்ல சொன்னீங்க. என் பிள்ளை எதிர்லயே மாத்திச் சொல்லுங்க."

அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை தூரம் இறங்கி வந்து கேட்கிறேனே, தமிழ் ஆளுக்குத் தமிழ் ஆளே இப்படியா என்று. அந்தக் கோபம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. சிட்டு வீங்கின கன்னத்தைச் சுவரில் பதித்த சில்லென்ற ஓட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அதைப் பார்த்தபிறகு எனக்குக் கோபப்பட முகம் இல்லை.

திரும்பி உள்ளே போனோம், மூன்று பேரும்.

இந்த ஊர் மொழியில் நான் எப்போதும் சரளமாகப் பேசுவேன். அன்று ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தேன். கடிதத்தில் தப்பு இருக்கிறது, எழுதினது நான், அனுப்பும் முன்பு படிக்கவில்லை, எழுதியிருந்ததை இவர் சரியாகப் படித்திருக்கிறார், இவருக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்னது பொய். கடைசிச் சொல்லுக்கு இந்த ஊரில் மென்மையான ஒரு சொல்லும் உண்டு, 'சரியல்ல' என்பது மாதிரி. அதைத்தான் சொன்னேன். சிட்டு அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். அந்த அம்மா, "பொய்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். சிட்டு யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி சொன்னேன். பொய் என்றே சொன்னேன்.

தலைமை ஆசிரியை தான் வரைந்த சிரிக்கும் பல்லைப் பார்த்தார். அந்தத் தாளை எடுத்து, மெதுவாக மடித்து, மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அவர் கழுத்து சிவந்துபோயிருந்தது. என் வெட்கத்தில் ஒரு பங்கு அவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இதே கடிதம் இன்னும் நாலு வீட்டுக்குப் போச்சே" என்று கோப்பைத் திறந்தார். நாலு படிவங்களும் கையெழுத்தோடு திரும்பி வந்திருந்தன. "இவங்க யாரும் ஒண்ணும் கேக்கலையே?"

சிட்டு மொழிபெயர்த்ததும் அவள் அம்மா, "படிச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

ஐந்து வீட்டில் ஒருவர்தான் உட்கார்ந்து படித்திருக்கிறார். அந்த ஒருவரைத்தான் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "கடிதத்துல நடந்தது கவனக்குறைவு. அதுக்கு ஒரு வழி பண்ணலாம். இவங்களைப் பத்தி நீ சொன்னது கவனக்குறைவு இல்ல. உன் அலுவலகத்துக்கு நான் எழுத வேண்டியிருக்கும்." சரி என்றேன். நர்ஸுக்கு அவரே போன் செய்தார். என்னைச் செய்யச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு கிளினிக்கில் இடம் கிடைத்தது.

"நாலு வரியைக் கையால எழுது" என்றார்.

எழுதினேன். நின்றுகொண்டேதான் எழுதினேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. சிட்டுவின் அம்மா தாளை வாங்கி, முதல் எழுத்திலிருந்து விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தார். இரண்டு தடவை. மூன்றாம் தடவை என் பேனாவை வாங்கி ஒரு இடத்தில் அடித்துத் திருத்தினார்.

"'சொத்தை'ன்னு தனியா விடாதீங்க. 'சொத்தைப் பல்லை'னு முழுசா எழுதுங்க. அடுத்தவங்களுக்கு அனுப்பறப்பவும்."

"சரிங்க."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேல் பேனா நின்றது. அதுவரை அவர் முகத்தில் இருந்த விறைப்பு அந்த ஒரு கணம் கழன்று, வெறும் பயம் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எடுத்துட்டா அந்த இடத்துல வேற பல்லு முளைக்குமா? பொம்பளப் பிள்ளை."

"முளைக்கும்க்கா. அது பால் பல்லுதான். கொஞ்ச வருஷம் ஆகும், ஆனா கட்டாயம் முளைக்கும்."

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். வாரத்துக்கு ஐந்து பள்ளிக்கூடங்களில் அந்தப் பிளாஸ்டிக் வாயை வைத்துக்கொண்டு நான் சொல்வதே அதுதான். அவர் தலையாட்டினார். பேனாவைத் தாளில் வைக்கவில்லை. குனிந்து மகளின் காதில் சொன்னார்.

"சிட்டு, டீச்சர்கிட்ட நீ கேளு. முளைக்குமான்னு."

சிட்டு கேட்டாள். வீங்கின வாயால் சொற்கள் கொஞ்சம் குழறின. தலைமை ஆசிரியை ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, அவளிடம் மெதுவாகப் பதில் சொன்னார்.

"முளைக்குமாம், அம்மா. கொஞ்ச வருஷம் ஆகுமாம். பல்லக்கா சொன்னதையேதான் டீச்சரும் சொல்றாங்க."

அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரும், அழுத்தி, ஒரு புள்ளி விடாமல். பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

அன்று மூன்று மணிக்கே பல்லை எடுத்துவிட்டார்கள், காய்ச்சலும் இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொல்லித்தான் தெரியும். நான் கூட வருகிறேன் என்றேன். "பாப்பா போதும்ங்க, எல்லாத்தையும் சரியாச் சொல்லுவா" என்றார் அந்த அம்மா.